ஜொள்ளு வடிந்து தாடை சிவந்த குழந்தைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் இரண்டாவது பிள்ளைக்கு நான்காம் மாதம் பிறந்ததும், வாயில் யாரோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி ஜொள்ளு வடிய ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் தாடை முழுக்கச் சொரசொரவென்று பொரிப்பொரியாக வந்துவிட்டது. நான் உடனே ஒரு சின்னத் துவாலையைக் கையில் எடுத்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் துடைத்தேன். துடைக்கத் துடைக்கச் சிவப்பு கூடியது. கடைசியில் டாக்டர் குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் என் கையிலிருந்த துவாலையைத்தான் பார்த்தார். “முதல்ல இதை விடுங்கம்மா” என்றார்.

அதற்குப் பிறகு நாத்தனார், எதிர் வீட்டு அக்கா, அவருடைய மருமகள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை. குழந்தை மருத்துவரிடம் கேட்டது, படித்தது, இரண்டு பிள்ளைகளிடம் பட்டது, எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பதில்கள்.

அது குழந்தையின் சொந்த எச்சில்தானே, அது பட்டு ஏன் தோல் புண்ணாகிறது?

பாத்திரம் தேய்த்து முடித்ததும் நம் விரல் நுனி ஊறி வெளுத்திருக்குமே, அதே சமாச்சாரம்தான். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய தோல் இளகிவிடும். அதன்மேல் சட்டைக் காலரோ நம் புடவையோ உரசினால் மேல்தோல் எளிதில் சிராய்த்துக்கொள்ளும். எச்சிலில் உணவைச் செரிக்க வைக்கும் நொதிகள் வேறு இருக்கின்றன. வாய்க்குள் அவை நல்லவை. உடைந்த தோலில் பட்டால் எரிச்சல்தான். பாலோ கூழோ கலந்துவிட்டால் இன்னும் மோசம்.

குழந்தையின் மேல்தோலில் வெளிப்புறம் இருக்கும் காப்பு அடுக்கு, நம்முடையதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் மெல்லியது. நமக்கு ஒன்றும் செய்யாத ஈரம் அதற்குத் தாங்காது. தொற்றுநோய் இல்லை, ஒட்டாது, அழுக்கால் வந்ததும் இல்லை. “பிள்ளையைச் சுத்தமா வச்சுக்கலையா?” என்று யாராவது கேட்டால், அளவுக்கு மீறிச் சுத்தம் செய்த வீட்டில்தான் இது அதிகம் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இவ்வளவு ஜொள்ளு வடிந்தால் பல் முளைக்கப் போகிறது என்று அர்த்தமா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டு, மூன்று மாதத்திலேயே எச்சில் சுரப்பிகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. ஊறுவதை உடனுக்குடன் விழுங்கும் பழக்கமும், வாயை மூடி வைத்துக்கொள்ளும் தசைக் கட்டுப்பாடும் வருவதற்கு இன்னும் பல மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் வழிவதுதான் ஜொள்ளு. முதல் பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி வரும்; நாலில் வருபவர்களும் உண்டு, ஒரு வயதில் வருபவர்களும் உண்டு. பல் ஈறை முட்டும்போது ஜொள்ளு கூடும் என்பது மட்டும் சரி.

கர்ப்பத்தில் ஆசைப்பட்டதைத் தின்னாவிட்டால் பிள்ளைக்கு ஜொள்ளு ஒழுகும் என்று ஒரு பேச்சு. காதில் சீழ் வடியும் என்று சொல்பவர்களும் உண்டு. நான் இரண்டு பிரசவத்திலும் ஆசைப்பட்டதை எல்லாம் தின்றேன். இரண்டு பிள்ளைகளும் ஜொள்ளு விட்டார்கள்.

இது ஜொள்ளால் வந்ததுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இடத்தைப் பாருங்கள். எச்சில் போகும் வழியில்தான் இது இருக்கும்: வாயைச் சுற்றி, தாடை, கன்னத்தின் கீழ்ப்பாதி, கழுத்து மடிப்பு, சில சமயம் நெஞ்சின் மேற்பகுதி. ஒரு கன்னத்தில் மட்டும் அதிகமாக இருந்தால், குழந்தை எந்தப் பக்கம் திரும்பித் தூங்குகிறது, எந்தத் தோளில் போட்டுத் தட்டுகிறீர்கள் என்று யோசியுங்கள். என் பிள்ளைக்கு இடது கன்னம் மட்டும் முரடாக இருந்தது. நான் எப்போதும் என் இடது தோளில் சாய்ப்பேன். அவன் இடது கன்னம் என் கழுத்தோடு ஒட்டி, புடவையின் ஜரிகைக் கரையில் தேய்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு மெல்லிய துண்டை தோளில் போட்ட பிறகுதான் அது அடங்கியது.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் வருகிற படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தைகளுடையவை. அதில் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம் பிள்ளைகளின் மாநிறத்தில், கறுத்த நிறத்தில் அது பழுப்பாகவோ கருஞ்சிவப்பாகவோதான் தெரியும். கண்ணைவிட விரலை நம்புங்கள். புறங்கையால் மெதுவாகத் தடவினால் மணல் ஒட்டியது போலச் சொரசொரப்பு தட்டுப்படும்.

முழங்கை மடிப்பு, முழங்கால், உச்சந்தலை, நெற்றி என்று ஜொள்ளே போகாத இடங்களிலும் வறண்டு தடித்து, குழந்தை சொறிந்துகொண்டே இருந்தால் அது கரப்பானாக, அதாவது எக்சிமாவாக இருக்கலாம். எக்சிமா உள்ள பிள்ளைக்கு ஜொள்ளு அதை இன்னும் கிளறிவிடும். வெயில் காலத்து வேர்க்குரு மூடிய இடங்களில், வியர்க்கும் இடங்களில் வரும். வாயைச் சுற்றி மட்டும் வராது.

இன்றைக்குச் சிவந்திருக்கிறது. இப்போதே என்ன செய்ய?

காலையிலும் இரவிலும் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் ஒரு பருத்தித் துணியை நனைத்து, அந்த இடத்தில் வைத்து எடுங்கள். காய்ந்த பால் ஒட்டியிருந்தால் நனைந்த துணியைச் சில நொடி அப்படியே வையுங்கள். தானாக இளகி வரும். சோப்பு வேண்டாம். வாசனை போட்ட வெட் வைப்ஸ் வேண்டவே வேண்டாம்.

பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிளாட்டிங் பேப்பரில் மை உறிஞ்சுவோமே, அந்த மாதிரி. வைப்பது, எடுப்பது, அவ்வளவுதான், இழுக்கக் கூடாது. ஒற்றிய பிறகும் ஒரு நிமிடம் காற்றாட விடுங்கள்.

நன்றாகக் காய்ந்த தோலில் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாகத் தடவுங்கள். ஒரு பச்சைப் பயறு அளவு இரண்டு கன்னத்துக்கும் தாடைக்கும் போதும். ஈரத்தின் மேல் தடவினால் எச்சிலை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும், கவனம்.

இதற்கு அப்புறம் நாள் முழுக்க வடிகிற ஜொள்ளை என்ன செய்வது? தண்ணீர் போட்டுக் கழுவ வேண்டாம். துளி சேர்ந்து வழியும்போது மட்டும் ஒற்றுங்கள். ஜெல்லி இருக்கும்வரை எச்சில் தோலில் ஊறாமல் மேலோடு வழுக்கிப் போய்விடும். பால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை, தூங்கப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை தடவி விட்டால், ஒரு நாளைக்கு நாலைந்து முறை ஆகும். லேசான தடிப்பு இரண்டு மூன்று நாளில் அடங்கும். கொஞ்சம் முற்றியது ஒரு வாரம் எடுக்கும்.

துணி விஷயத்தில் கடைக்குப் போக வேண்டாம். தாத்தாவின் பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். நூறு தடவை துவைத்த வேட்டித் துணியின் மிருதுவுக்குக் கடையில் விற்கிற எந்தத் துணியும் பக்கத்தில் வராது. ஒரு பத்து துண்டாவது வேண்டும், ஒரே துணியில் நாளெல்லாம் ஒற்றினால் அர்த்தமில்லை. வாசனைக் கரைசலில் முக்காமல் நன்றாக அலசி வெயிலில் காய வையுங்கள்.

பெட்ரோலியம் ஜெல்லி வாய்க்குள் போனால்? தேங்காய் எண்ணெய் தடவக் கூடாதா?

வாசலின் என்று நாம் பொதுவாகச் சொல்கிற பெட்ரோலியம் ஜெல்லி 1870-களிலிருந்து விற்பனையில் இருக்கிறது. வாசனையோ நிறமோ சேர்க்காத வெள்ளை ஜெல்லியாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிசாகத் தடவியதில் துளி நாக்கில் பட்டால் கெடுதல் ஒன்றுமில்லை. டப்பாவை மட்டும் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் நல்லதுதான். பிலிப்பைன்ஸில் எக்சிமா உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடத்தி, 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், மினரல் ஆயிலைவிட வர்ஜின் தேங்காய் எண்ணெய் தோலின் ஈரப்பதத்தை நன்றாகக் காத்தது. ஆனால் ஜொள்ளு விஷயத்தில் ஒரு சங்கடம்: எண்ணெய் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும், வழிந்தும் போய்விடும். ஜெல்லி மாதிரி அணை கட்டி நிற்காது. நான் குழந்தையைக் குளிப்பாட்டியதும் தேங்காய் எண்ணெய், தூங்கப் போடும்போது ஜெல்லி என்று பிரித்துக்கொண்டேன். ஆலிவ் எண்ணெயும் கடுகு எண்ணெயும் தோலின் காப்பைக் குலைக்கக் கூடியவை. விலை அதிகம் என்பதற்காக ஆலிவ் எண்ணெய் உயர்ந்ததாகிவிடாது.

டயபர் புண்ணுக்குப் போடும் துத்தநாகக் களிம்பு, அந்த வெள்ளை ஜிங்க் ஆக்சைடு, கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நன்றாக வேலை செய்யும். வாயை ஒட்டி வேண்டாம், நக்கிவிடுவார்கள்.

பவுடர் போட்டால் ஈரம் இழுத்துக்கொள்ளாதா?

ஈரத்தில் பட்ட பவுடர் கட்டி கட்டியாகத் திரண்டு மடிப்பில் உட்கார்ந்து உப்புத்தாள் மாதிரி அறுக்கும். முகத்துக்குப் பக்கத்தில் தட்டும்போது தூள் மூச்சில் போகும். குழந்தைக்கு டால்கம் பவுடர் எந்த இடத்துக்குமே தேவையில்லை என்றார் எங்கள் டாக்டர். குளித்ததும் பவுடர் பூசிப் பொட்டு வைத்தால்தான் பிள்ளைக்குக் களை என்று நினைக்கும் பாட்டி உள்ள வீட்டில் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் மறைந்துவிட்டது. நிறுத்தியதும் திரும்ப வருகிறதே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அந்த ட்யூபின் பின்புறம் சின்ன எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பெரும்பாலும் அதோடு ஒரு பூஞ்சை மருந்தையும் ஓர் ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்து, எதற்கும் ஆகும் என்று விற்பார்கள். சிவப்பை உடனே அமுக்கிவிடும். குழந்தையின் முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் இன்னும் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிய ஆரம்பித்து, வாயைச் சுற்றிப் புதிதாகப் பருக்கள் வந்து, நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

2018-ல் மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு களிம்புகளை அட்டவணை எச்-இல் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மிகக் குறைந்த வீரியமுள்ள ஹைட்ரோகார்ட்டிசோனைச் சில நாளுக்கு டாக்டரே எழுதிக் கொடுப்பதுண்டு. அது வேறு, எத்தனை நாள் என்று அவர் சொன்ன கணக்கோடு நிறுத்துங்கள். ஏற்கெனவே வாரக்கணக்கில் பெரிய ட்யூபைப் போட்டிருந்தால், தோல் மருத்துவரிடம் ட்யூபையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் பெரியவர்கள் சொல்கிற வைத்தியங்களில் எது சரி, எது வேண்டாம்?

தாய்ப்பால் தடவுவது: கெடுதல் இல்லை. ஆனால் தடவி அப்படியே விட்டால் அதுவும் ஈரம்தானே. கழுத்து மடிப்பில் விடாதீர்கள்.

மஞ்சள், கடலை மாவு, பயத்த மாவு: சிவப்பு இருக்கும்வரை முகத்துக்கு வேண்டாம். மாவு உரசும், மஞ்சள் சில தோலுக்கு எரிச்சல் தரும்.

எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து அக்கியால் வந்தது. வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாக இருப்பதைப் பார்த்த மாமியார், “இது அக்கிதான், குயவர் வீட்டுக்குப் போய் எழுதிட்டு வந்துடலாம்” என்று கிளம்பிவிட்டார். செங்காவியைக் குழைத்து அக்கி எழுதுவது பல ஊர்களில் இன்றும் நடக்கிறது. அக்கி என்பது ஒரு வைரஸால் வரும் கொப்புளம். பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக வரும், வலிக்கும். ஜொள்ளுத் தடிப்பு அது இல்லை. ஏற்கெனவே உடைந்த தோலில், அதுவும் நக்கக்கூடிய இடத்தில் காவிமண்ணைப் பூச நான் ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு நாள் பாக்கலாம் அத்தை, சரியாகலைன்னா நீங்க சொன்னபடி” என்றேன். இரண்டு நாளில் அடங்கியது என் அதிர்ஷ்டம்.

திருஷ்டி மை: தாடையிலும் கன்னத்திலும் வைக்காதீர்கள், ஜொள்ளில் கரைந்து வாய்க்குள்தான் போகும். சில மைகளில் ஈயம் இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. வைத்தே ஆக வேண்டும் என்றால் வீட்டில் யாருக்காவது வையுங்கள் என்று நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். கடைசியில் உள்ளங்காலில் பொட்டளவு என்று சமாதானம் ஆனோம். அதையும் குழந்தை தன் காலைப் பிடித்துச் சப்பத் தொடங்கியதும் நிறுத்தினோம்.

வசம்பு: பேர் சொல்லாதது என்று மரியாதையோடு சொல்வார்கள். இழைத்து நாக்கில் தடவுவதும், வளையலாகக் கோத்துக் கையில் போட்டு அதைக் குழந்தை சப்புவதும் ஜொள்ளைக் குறைக்காது. துண்டு உடைந்து தொண்டையில் சிக்கும் ஆபத்தும் இருக்கிறது. தேன் ஒரு வயதுக்கு முன் நாக்கிலும் வேண்டாம், ஈறிலும் வேண்டாம். பொட்டுலிசம் என்ற விஷ நோய்க்கு அது வழி. ஈறை மரத்துப்போக வைக்கும் பென்சோகைன் ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குப் போட வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்திருக்கிறது. ஈறு குறுகுறுத்தால், கழுவிய விரலால் தேய்த்து விடுங்கள், அல்லது ஃபிரிட்ஜில் வைத்த ஈரத்துணியைச் சப்பக் கொடுங்கள்.

பிப் கட்டினால் போதுமா? தூங்கும்போது என்ன செய்வது?

பிப் சட்டையைக் காப்பாற்றும், தாடையை இல்லை. நனைந்த பிப் கழுத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் ஈரத்துணி கட்டியதற்குச் சமம். பருத்தியாக, பின்னால் பிளாஸ்டிக் இல்லாததாக, நனைந்ததும் மாற்றக்கூடிய அளவுக்கு ஐந்தாறு இருக்கட்டும். தூங்க வைக்கும்போது கட்டாயம் கழற்றிவிடுங்கள்; மூக்கை மூடலாம், கழுத்தை இறுக்கலாம்.

தூளியில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புடவைத் தூளியில் முகம் துணியோடு ஒட்டியே இருக்கும். ஆட்ட ஆட்டக் கன்னம் அந்த நனைந்த இடத்திலேயே தேயும். ஒவ்வொரு தூக்கத்துக்கும் புடவையை நகர்த்திக் காய்ந்த பகுதி முகத்துக்கு வரும்படி கட்டுங்கள். நைலக்ஸ், சிந்தெடிக் புடவை வேண்டாம். மெத்தையில் படுக்க வைத்தால் ஜொள்ளுக்கென்று தளர்வான துண்டை முகத்துக்குக் கீழே போடாதீர்கள். இறுக்கமாக மாட்டிய விரிப்பே போதும், நனைந்தால் மாற்றுங்கள்.

சூப்பான் வைத்திருந்தால் கொஞ்ச நாள் குறையுங்கள். அந்த வட்டத்துக்குப் பின்னால் எச்சில் தேங்கி, வாயைச் சுற்றி அச்சு எடுத்த மாதிரி சிவக்கும். அப்பாக்கள் மூன்று நாள் தாடியோடு முத்தம் கொடுப்பதையும் தள்ளிப்போடலாம்.

கழுத்து மடிப்பில் மட்டும் ஆறவே இல்லை, நாற்றமும் வருகிறது.

கொழுகொழு குழந்தைகளின் கழுத்து மடிப்பில் பாலும் ஜொள்ளும் வியர்வையும் ஒன்றாகத் தேங்கும். குழந்தையை மடியில் மல்லாக்கப் போட்டு, தோளுக்குக் கீழே உங்கள் கையைக் கொடுத்துத் தலை லேசாகப் பின்னால் சாயும்படி பிடியுங்கள். மடிப்பு தானாக விரியும். ஈரத்துணியால் ஒற்றி, காய்ந்த துணியால் ஒற்றி, காற்றாட விடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் இங்கே ஜெல்லியை அப்பினால் வேர்க்குருவும் சேர்ந்துகொள்ளும், அதனால் பூசியும் பூசாமலும்.

கழுத்தில் கறுப்புக் கயிறோ பாசிமணியோ இருந்தால் அதை முகர்ந்து பாருங்கள். பதில் கிடைத்துவிடும். நாள் முழுக்க நனைந்தே கிடக்கும் கயிறு அது. கழற்றிவிடுங்கள், கழுத்து இறுகும் ஆபத்துக்காகவும்தான்.

மடிப்பு பச்சைப் புண்ணாகப் பளபளவென்று சிவந்து, ஓரங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்திருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. டாக்டர் பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் முடிந்து கூழ் ஆரம்பித்ததும் திரும்ப வந்துவிட்டது. அலர்ஜியா?

தக்காளி ரசம், ஆரஞ்சு, எலுமிச்சை பட்ட இடம் மட்டும் சிவந்து ஓரிரு மணி நேரத்தில் மறைந்தால், புளிப்பின் எரிச்சல்தான் பெரும்பாலும். ஊட்டுவதற்கு முன் வாயைச் சுற்றி ஜெல்லி தடவுங்கள், ஊட்டி முடித்ததும் ஒற்றுங்கள். ஒவ்வொரு வாய்க்கும் கரண்டி விளிம்பால் தாடையை வழித்து உள்ளே தள்ளுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அதுவும் உரசல்தான், விட்டுவிடுங்கள்.

ஒரு புது உணவு கொடுத்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள், உணவு படாத இடங்களிலும் தடிப்புத் தடிப்பாக வீங்கினால், வாந்தி எடுத்தால், அது அலர்ஜியாக இருக்கலாம். அந்த உணவை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். உதடோ நாக்கோ வீங்கினாலும் மூச்சு இழுத்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ஒரு வாரம் ஒழுங்காகப் பார்த்தும் அடங்காவிட்டால். தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால், சீழ், ரத்தம், கொப்புளம் இருந்தால். காய்ச்சல் சேர்ந்தால். உள்ளங்கை, உள்ளங்கால், வாய்க்குள் கொப்புளம் வந்து, பால் குடிக்க மறுத்து, ஜொள்ளு திடீரென்று கூடினால் அது கை, கால், வாய் நோயாக இருக்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் குறித்துக்கொண்டு போகலாம். ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: நன்றாக இருந்த குழந்தை திடீரென்று விழுங்க முடியாமல் ஜொள்ளு வடித்து, மூச்சில் சத்தம் வந்து, தலையை முன்னே நீட்டியபடி தவித்தால், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கலாம், கடுமையான தொற்றும் இருக்கலாம். ரிமோட்டிலோ பொம்மையிலோ இருந்த பொத்தான் பேட்டரி காணவில்லை என்றால் அறிகுறி தெரியும்வரை பார்த்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த ஜொள்ளு எப்போதுதான் நிற்கும்?

பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் குறைந்துவிடும். இரண்டு வயதுவரை விளையாட்டு மும்முரத்தில் வடிவதும் சகஜம். நாலு வயதுக்கு மேலும் சட்டை நனைந்தால் காட்டிக் கேட்பது நல்லது.

தடிப்பு போய்விட்டது, ஆனால் அந்த இடம் கருத்து, சில இடம் வெளுத்து நிற்கிறது. என்ன போடலாம்?

ஒன்றும் போட வேண்டாம். நம் நிறத்துத் தோலில் எந்த எரிச்சலும் ஆறிய பிறகு இப்படித் தடம் விடும். சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாக மறையும். சிவப்பழகு க்ரீம், குங்குமாதி தைலம் என்று யார் எடுத்துக் கொடுத்தாலும் வாங்கி அலமாரியில் வையுங்கள். என் பிள்ளைக்கு மறைய மூன்று மாதம் ஆனது. அதற்குள் கீழே இரண்டு பல் முளைத்திருந்தது.